நீலி நாயகியானால் அந்த 70 பேர் என்ன ஆவார்கள்?

நீங்கள் கேட்டதை இப்படி எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டார் கதைகளில் வரும் பேய், யட்சி, காட்டேரி மாதிரி ஒன்றை நாயகியாக வைத்து ஃபேண்டஸி நாவல் எழுதுகிறீர்கள். அவள்மேல் வாசகருக்கு இரக்கம் வரவைத்தால் பயம் போய்விடுகிறது, பயத்தைத் தக்கவைத்தால் இரக்கம் ஒட்டமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் இந்தச் சிக்கல் பின்கதையை நம்பி இறங்குவதால் வருகிறது. சோகமான ஒரு பின்கதையைக் கொடுத்துவிட்டால் பேய் நாயகி ஆகிவிடும் என்று நினைக்கிறோம். நம் ஊரில் பின்கதை இல்லாத பேயே கிடையாதே! பிரசவத்தில் போனவள், கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவன், ஆற்றோடு போனவன் என்று அகாலமாகச் செத்தவர்கள்தான் பேயாகிறார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் புளியமரத்தில் இருப்பது இன்னார் வீட்டு மருமகள் என்று குடும்ப விவரத்தோடு சொல்வார்கள். ஆகவே பேய்க்கு ஒரு துயரம் இருந்தது என்று 40 பக்கம் எழுதினால் தமிழ் வாசகருக்கு அதில் செய்தி எதுவும் இல்லை, அது அவருக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை காலமாக அந்த மரத்தடியில் இருட்டிய பிறகு போகாமல் இருக்கிறார். பாவம் என்றும் நினைக்கிறார், பக்கத்திலும் போகமாட்டார். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது, நம் பழைய கதைகளில் பழிவாங்க வரும் பேயான நீலியை எடுத்துக்கொள்கிறேன். 2025இல் வந்த 'லோகா' என்ற மலையாளப் படத்தில் அவள் சூப்பர்ஹீரோவே ஆகிவிட்டதால் இப்போது நிறைய பேர் அவளை வைத்து எழுதக் கிளம்பியிருக்கிறார்கள், நீங்களும் அந்த வழியில் வந்திருக்கலாம். ஆனால் நீலியை நாயகி ஆக்கும் வேலை நம்மிடையே ஆயிரம் வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், அதில் உங்களுக்குத் தேவையான தொழில்நுணுக்கம் எல்லாமே இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டி இருக்கிறது பழையனூர். 7ஆம் நூற்றாண்டில் அங்கே பாட வந்த ஞானசம்பந்தர், 'வஞ்சப்படுத் தொருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்' என்று ஒரே அடியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். ஒருத்தி யார், யாருடைய வாழ்நாள், எப்படிக் கொண்டாள், எதுவும் சொல்வதில்லை. கேட்பவர்களுக்குக் கதை தெரியும் என்ற தைரியம்தான்.

கதை பல வடிவங்களில் இருக்கிறது. எலும்புக்கூடு மட்டும் ஒன்றுதான். நம்பி வந்த பெண்ணை ஒருவன் நகைக்காகவோ வேறொருத்திக்காகவோ காட்டுவழியில் கொல்கிறான். வட தமிழ்நாட்டுக் கதையில் அவன் அவளுடைய கணவன். தெற்கே, நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில், அவன் ஒரு பிராமண இளைஞன், அவள் தாசி. கையில் காசு தீர்ந்ததும் அவளுடைய தாய் அவனை விரட்டிவிட, இவள் அவனைத் தேடிப் பின்னாலேயே போகிறாள். கள்ளிச்செடி ஓரமாக அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் கூட்டி, தலையை மெதுவாக அதில் இறக்கிவைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். அந்த மணலைக் கவனியுங்கள். அவள் விழித்துவிடக்கூடாது என்று தலையணை செய்துவைக்கும் அந்தப் பொறுமை, கல்லைவிடக் கொடூரமாக இருக்கிறது. பார்த்தது கள்ளி ஒன்றுதான். நகையோடு போனவனைப் பாம்பு கடித்துவிடுகிறது, கணக்கு அந்தப் பிறவியில் முடியாமல் நிற்கிறது.

அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. பேயால் ஆபத்து என்று ஜோசியம் சொன்னதால் அவன் மந்திரித்த வாள் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறான், அது இருக்கும்வரை அவள் நெருங்க முடியாது. பழையனூருக்கு அவன் வருகிற நேரம் பார்த்து நீலி ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நல்ல குடும்பப் பெண் வேடத்தில் பின்னாலேயே வருகிறாள். கொலையைப் பார்த்த அதே கள்ளி, இப்போது பிள்ளையாக வந்து சாட்சி சொல்லப்போகிறது. நாட்டார் கதைசொல்லிகளைப் படிக்காதவர்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்.

வழக்கு ஊர்ச்சபைக்குப் போகிறது. வேளாளர் 70 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வணிகன், "இவள் என் மனைவி இல்லை, பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்" என்கிறான். நீலி அழுகிறாள், கட்டின மனைவியை இப்படியும் சொல்வார்களா என்கிறாள். குழந்தையை இறக்கிவிடுகிறாள். அது நேராகப் போய் அவன் மடியில் ஏறி அப்பா என்கிறது. சபைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இன்று இரவு இருவரும் சத்திரத்தில் தங்கட்டும், உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் 70 பேர் உயிரும் பிணை என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவள் பயப்படுகிறாள் என்று சொல்லி அந்த வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விடிந்தபோது அவன் செத்துக்கிடக்கிறான், நீலியைக் காணோம். 70 பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று பழையனூர்ப் பக்கம் ஒரு மண்டபம் இன்றும் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதில் இந்தச் சபைக் காட்சியில்தான் இருக்கிறது. அங்கே உண்மை பேசுகிறவன் கொலைகாரன், அதுவும் தான் கொலைகாரன் என்று தனக்கே தெரியாதவன். பொய் சொல்கிறவள் பாதிக்கப்பட்டவள். தீர்ப்புச் சொல்கிறவர்கள் யோக்கியர்கள், கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்கிறோம் என்று மனதார நம்புகிறவர்கள். அந்த இடத்தில், அந்தப் பிறவியில், கெட்டவன் ஒருவனும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு மட்டும் எல்லாம் தெரியும். கல் விழுந்த கதை தெரிவதால் அவள் ஜெயிக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது, அந்தப் பிள்ளை எதிலிருந்து வந்தது என்று தெரிவதால் உடம்பு சிலிர்க்கிறது. இரக்கமும் பயமும் ஒரே கணத்தில் உச்சிக்குப் போகின்றன. பேய் என்ன ஆனாள் என்பதை மாற்றாமல், யாருக்கு எது தெரியும் என்பதைப் பங்கிட்ட விதத்திலேயே இதைச் சாதித்திருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

நீலியை வைத்து எழுத வருகிறவர்கள் முதலில் கைவைக்கும் இடமும் இதுதான். 70 பேரை ஆணாதிக்கக் கிழவர்களாகவோ ஊழல் பண்ணையார்களாகவோ ஆக்கிவிடுகிறார்கள். அப்போதுதானே அவர்கள் செத்தால் நமக்கு வருத்தம் வராது, நாயகி கையில் கறை படாது. இன்னும் சிலர் அந்த 70 பேரையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. நல்லவர்கள் 70 பேர் அவளால் செத்தார்கள், அதற்குப் பிறகும் அவள் பக்கம் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கழற்றிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது பழிவாங்கும் பெண் ஒருத்தி மட்டும், அதற்குப் பேய் எதற்கு?

பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இதே கதையிலிருந்து குறைந்தது மூன்று வெவ்வேறு நாயகர்களை எடுத்திருக்கிறார்கள்.

ஒன்று, சைவ வேளாளர் மரபு. அங்கே நாயகர்கள் அந்த 70 பேர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தொண்டை நாட்டின் பெருமையைச் சொல்லும்போது, வணிகனுக்குக் கொடுத்த சொல்லைத் தங்கள் உயிரோடு வைத்துத் தூக்கிப் பார்த்துச் சொல்லையே காத்தவர்கள் என்று பழையனூர்க்காரர்களைப் பாடுகிறார். ஏமாந்தவர்கள் என்ற வெட்கம் எங்கும் இல்லை. தப்பான தீர்ப்புக்கு உயிரைக் கொடுத்தது பெருமையாகிவிட்டது. இந்தக் கதையில் நீலி சோதனைக்கு வந்த ஒரு சக்தி, அவ்வளவுதான்.

இரண்டாவது சமண மரபு. இதுதான் என்னை எப்போதும் வாய்பிளக்க வைப்பது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசி, பொதுவாக 10ஆம் நூற்றாண்டு என்பார்கள், ஆசிரியர் பெயர் தெரியாது. அதன் நாயகி நம் பழையனூர் நீலிதான். பாஞ்சால நாட்டில் ஒரு காளி கோயில். அங்கே பலி கொடுக்க வருகிறவர்களிடம் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், உயிருக்குப் பதில் மண்ணால் செய்த உருவத்தைக் கொடுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். காளிக்குக் கோபம். முனிவரைத் தன்னால் அசைக்க முடியாமல் தெற்கே இருக்கும் நீலியைக் கூப்பிட்டு அனுப்புகிறாள். பயமுறுத்துவதில் அவ்வளவு பேர் வாங்கியவள் இவள். நீலி வருகிறாள், கோர உருவங்களைக் காட்டுகிறாள், அவர் அசையவில்லை. அழகியாக வந்து மயக்கப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்றுக்கொண்டு, அதைப் பரப்பக் கிளம்புகிறாள். மிச்சக் காப்பியம் முழுக்க அவள் ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொரு சமயத்தாரையும் தத்துவக்காரரையும் வாதத்தில் மடக்குகிறாள். மொத்தம் 10 சருக்கம், 894 பாட்டு. ஆளைக் கொல்லும் பேயை எடுத்துத் தர்க்கம் பேசும் அறிஞராக ஆக்கிவிட்டார் அந்தக் கவிஞர். ஐம்பூதங்களுக்கு மேல் எதுவும் இல்லை என்று சாதிக்கும் பூதவாதியோடு கடைசி வாதம். பேயாக இருந்தவள் அதை உட்கார்ந்து மறுக்கிறாள் என்பதே ஒரு நல்ல நகைச்சுவை.

இதில் இன்னொன்று. நீலகேசியின் முதல் வாதம் குண்டலகேசியோடு. குண்டலகேசி யார் என்று ஞாபகம் இருக்கிறதா? மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தன்னைத் தள்ளிக் கொல்லப் பார்த்த திருட்டுக் கணவனை, வலம் வருகிறேன் என்று சொல்லிச் சுற்றிவந்து தான் முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள். பிறகு பௌத்தத் துறவி ஆனவள். நம்பியவன் கையால் செத்தவள் ஒருத்தி, சாகாமல் முந்திக்கொண்டவள் ஒருத்தி, இருவரும் எதிரெதிரே. காப்பியத்தில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் தத்துவம்தான், கவிஞருக்கு வேறு வேலை இருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த இருவரையும் ஓர் இரவு ஒரே திண்ணையில் உட்காரவைத்து ஓர் அத்தியாயம் எழுதினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

சரி, மூன்றாவது. தெற்கே அவள் இசக்கி. ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் பெரிய கோயில், குமரி, நெல்லை மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு சின்னச் சின்னக் கோயில்கள். கையில் பிள்ளையோடு நிற்பாள். சில உருவங்களில் ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும், ஒரு பிள்ளை வாயில் இருக்கும். பிள்ளை வரம் கேட்டு அவளிடம் போகிறார்கள், வரம் கிடைத்தால் தொட்டிலும் பொம்மையும் கொண்டுவந்து கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்கிறவளிடம் பிள்ளை கேட்பதா என்று வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். எடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் கொடுக்கவும் தெரியும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிகிற நியாயம். இசக்கியின் கதையில் 70 பேர் சாவும் மறைக்கப்படவில்லை, வாயில் இருக்கும் பிள்ளையையும் யாரும் எடுத்துவிடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு அம்மா என்கிறார்கள்.

ஆக, வாக்குத் தவறாதவர்களின் கதை, மனம் மாறியவளின் கதை, மாறாமலே தாயானவளின் கதை என்று மூன்று பேர் மூன்று காரணத்துக்காக அவளை எடுத்தாண்டிருக்கிறார்கள். நீங்கள் நான்காவது ஆள். உங்களுக்கு அவள் எதற்குத் தேவை? இது தெரியாமல் எழுதுகிறவர்கள்தான், அவள் பாவம், அவள் நல்லவள், உலகம் அவளைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்ற ஒரே பல்லவியில் சுற்றுகிறார்கள். புரிந்துகொள்ளப்படாத நல்லவள் என்பது பாத்திரமே இல்லை, அது நற்சான்றிதழ்.

அடுத்த தப்பு, குணப்படுத்துவது. கடைசி அத்தியாயத்தில் சாபம் விலகி அவள் அழகான பெண்ணாகிவிடுவாள். 300 பக்கம் பேயை நேசிக்கச் சொல்லிவிட்டு, முடிவில் பேயாக இல்லாமல் இருப்பதே பரிசு என்று சொன்னால் என்ன அர்த்தம்? இதற்கும் பதில் அதே திருவாலங்காட்டிலேயே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் அங்கேதான் போய்ச் சேர்கிறார். புனிதவதியாக இருந்தபோது மாம்பழம் வந்த அதிசயத்தைப் பார்த்த கணவன் பயந்து, இவள் மானுடப் பெண் இல்லை என்று விலகி, கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு நேரில் வந்து காலில் விழுகிறான், மகளுக்கு அவள் பெயரையே வைத்ததாகவும் சொல்கிறான். இவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று உடம்பின் சதையை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொள்கிறார் அம்மையார். தன் பாட்டில் 'காரைக்காற் பேய்' என்றுதான் கையெழுத்துப் போடுகிறார். 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பல்' என்று ஆரம்பித்து ஒரு பெண்பேயின் உடம்பை அங்குலம் அங்குலமாக வருணிக்கிற அந்தப் பதிகத்தில் தன்னிரக்கம் ஒரு சொட்டுக் கூட இல்லை. சுடுகாடு அவருக்கு வீடு, பக்கத்தில் இருக்கும் பேய்கள் சுற்றத்தார், சிவன் நடனம் பார்க்க நல்ல இடம் கிடைத்திருக்கிறது. நீலிக்குப் பேயுடம்பு ஒருவன் செய்த கொலையால் வந்தது, அம்மையாருக்கு அது கேட்டு வாங்கிய வரம். ஒரே காட்டில் இப்படி இருவர். உங்கள் நாயகி இவர்களில் யார் பக்கம் என்று யோசியுங்கள். திரும்ப மனுஷியாக வேண்டும் என்று ஏங்காத பேய், எழுதக் கஷ்டம், ஆனால் எழுதிவிட்டால் வாசகர் மறக்கமாட்டார்.

பசியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரக்கத்துக்கு உரிய பேய் என்றதும் நம் ஆட்கள் அதை சைவமாக்கிவிடுகிறார்கள், கெட்டவர்களை மட்டும் கடிக்கும் என்று ஒரு விதியும் போட்டுவிடுகிறார்கள். தென் மாவட்டங்களின் காவல் தெய்வமான சுடலைமாடன் கதையைப் பாருங்கள். விளக்குச் சுடரிலிருந்து பிறந்த கைலாயத்துப் பிள்ளை, பார்வதிக்கு மகன். ராத்திரி எழுந்துபோய்ச் சுடுகாட்டில் எரியும் பிணத்தைத் தின்றுவிட்டு வருகிறான். பிள்ளை வாயில் நிணவாடை. இனி உனக்குக் கைலாயத்தில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் செய்தது பசித்தபோது கிடைத்ததைத் தின்றது, அதற்கு வீட்டைவிட்டுத் துரத்தல். இதைவிட இரக்கம் வரவைக்கும் தொடக்கம் உண்டா? ஆனால் ஊர் அவனை ஏற்றுக்கொண்டபோது பசியை ஒழித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. எத்தனை கிடா, என்ன படையல், வருஷத்தில் எப்போது கொடை என்ற கோயில் திருவிழா, நடுராத்திரி சாமியாடி சுடுகாட்டு வேட்டைக்குப் போகும்போது யார் குறுக்கே வரக்கூடாது என்று எல்லாம் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பதிலுக்கு அவன் எல்லையைக் காக்கிறான். ஃபேண்டஸி எழுதுகிறவர்கள் மாய உலகத்துக்கு விதிகள் வேண்டும் என்று மேல்நாட்டுப் பாடங்களைத் தேடி அலைகிறார்கள், இங்கே நம் ஊர்க் கோயில் கொடையே ஒரு முழு விதிமுறைப் புத்தகம். ஒரு வருஷம் கொடை நின்றால் என்ன ஆகும்? கிடா வாங்கக் காசில்லாத வருஷம், தன் பசியையும் அடக்கமுடியாமல் ஊரையும் விடமுடியாமல் எல்லையில் நிற்கும் ஒரு மாடன் என்ன செய்வான்? உங்கள் நாவலின் நடுப்பகுதி அங்கேயே இருக்கிறது.

பேய்க்கு ஆகாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் தெரியும். இரும்பு, வேப்பிலை, விளக்குமாறு, செருப்பு. அதை வெறும் பலவீனப் பட்டியலாக வைக்காதீர்கள், அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். பேயோட்டுகிறவர், பேய் பிடித்த பெண்ணின் உச்சிமயிரில் ஒரு கற்றையை எடுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார். நாம் இதைச் சினிமாவில் எப்போதும் ஓட்டுகிறவர் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறோம். மரத்துக்குள் இருந்து பார்த்தால்? முடி இன்னொரு பெண்ணுடையது, அவள் வீட்டுக்குப் போய்விட்டாள், இவள் மட்டும் இங்கே ஆணியோடு. மழையில் அந்த ஆணி துருப்பிடிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மரம் பருத்து ஆணியை மெல்ல விழுங்குகிறது. அழுகை வசனம் எதுவும் இல்லாமலே வாசகர் அவளோடு போய்விடுவார். பிறகு ஒருநாள் சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்ட வருகிறார்கள், வெட்டுகிறவர்மேல் அவளுக்கு எந்த விரோதமும் இல்லை.

வில்லனை நாயகனாக்கிக் கட்சி மாற்றிப்போடும் கதைகளைப் பற்றியும் கேட்பீர்கள். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. அரக்கன் என்று சொல்லப்பட்டவனைத் தமிழ் மன்னனாகக் காப்பிய நாயகனாக நிறுத்திய அந்தத் துணிச்சலுக்கு அரசியலில் பெரிய இடம் உண்டு, செய்யுளும் கம்பீரமானது. ஆனால் அங்கே இராவணன் மாசற்றவன், எதிர்ப்பக்கம் முழுக்க மாசு. அந்த நூலின் நோக்கத்துக்கு அது சரி. நாவல் எழுதுகிறவர் அதே வழியில் போனால் பழைய சதுரங்கப் பலகையைத் திருப்பி வைத்ததோடு நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் ஜான் கார்ட்னர் 1971இல் பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்துப் பூதமான கிரெண்டலையே கதைசொல்லி ஆக்கி ஒரு நாவல் எழுதினார். கிரெண்டல் புத்திசாலி, தனிமையில் வாடுகிறவன், கிண்டல்காரன், கடைசிவரை மனிதர்களைத் தின்கிறவனும்கூட. அவன் குரலில் கேட்பதால் தின்பது நியாயமாகிவிடுவதில்லை, நாம்தான் சங்கடத்தில் நெளிகிறோம். அந்த நெளிவு வேண்டும்.

குரல் விஷயத்தில் ஒன்று மட்டும். பேயை 'நான்' என்று தன்மையில் பேசவிட்டால் உடனே எல்லோரும் அதைக் கவிஞராக்கிவிடுகிறார்கள், இருளே, காலமே என்று நீளமாகப் பெருமூச்சு விடும். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பேய்களைப் பேசவிட்டிருக்கும் அழகைப் பாருங்கள். காளியிடம் வந்து பசி தாங்கவில்லை என்று முறையிடுகின்றன, போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சி, பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிமாறுகின்றன. பந்தியில் நடக்கும் அத்தனை குசும்பும் அங்கே உண்டு. கொதிப்பது மனித நிணம் என்பதை மறந்து சிரித்துவிடுகிறோம், அப்புறம்தான் உறைக்கிறது. சிரிக்கத் தெரிந்த பேயை வாசகர் சீக்கிரம் நம்புவார்.

கடைசியாக, இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். கிரேக்கப் பூதங்களை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. இசக்கியும் மாடனும் அப்படி இல்லை, பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். 70 பேர் கதையைத் தங்கள் முன்னோர் கதையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. நாட்டார் மரபிலேயே ஊருக்கு ஊர் கதையை மாற்றித்தான் பாடுகிறார்கள், ஒரு ஊரில் தாசி, இன்னொரு ஊரில் மனைவி. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு கதையை அடியோடு மாற்றுவதைவிட, கதையின் எலும்பை எடுத்துக்கொண்டு பெயரை உங்கள் உலகத்துக்கு ஏற்ப வைப்பது எழுதவும் சுதந்திரம் தரும், வம்பும் குறைவு. பெயர் நீலியாகவே இருக்கவேண்டும் என்றால், அவளுக்குப் பொங்கல் வைக்கும் ஒரு பாட்டி உங்கள் புத்தகத்தைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள். பாட்டிக்கு நீங்கள் காட்டும் கோரம் பிரச்சினையாக இருக்காது, அதெல்லாம் அவளுக்குத் தெரியும். நீலியை நீங்கள் பல்லைப் பிடுங்கி அப்பாவி ஆக்கியிருந்தால்தான் கோபம் வரும்.

படிக்க வேண்டும் என்றால் நீலகேசியில் முதல் சருக்கமான தருமவுரைச் சருக்கத்தை மட்டும் உரையோடு படியுங்கள், முனிவரும் நீலியும் சந்திக்கும் கதை முழுக்க அதில் வந்துவிடும், மற்ற வாதங்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இசக்கி கதையை அச்சில் படிப்பதைவிடக் குமரி, நெல்லைப் பக்கம் ஒரு கொடையில் வில்லுப்பாட்டாகக் கேளுங்கள். புலவர் பாடப் பாட, பிறப்பு, காதல், பயணம் எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது கூட்டம் பேசிக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் இருக்கும். கொலை நடக்கும் கட்டத்தை ஒட்டித்தான் தாளம் ஏறும், சாமியாடிக்கு அருள் வரும். உங்கள் கையெழுத்துப் பிரதியில் அந்தக் கட்டம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது என்றால் அதை எடுத்துப் பின்னால் கொண்டுபோங்கள், சபை கூடி அவள் குழந்தையை இறக்கிவிடுவதற்குச் சற்று முன்னால் வைத்துப் பாருங்கள்.